பெயர் எழுதாத படம்



இன்று ஒரு நூதனசாலையைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறேன். "நூதனசாலையோ? அது பள்ளிப் பிள்ளைகள் போகிற இடம்" என்று வானொலியை நிறுத்திவிடாதீர்கள். இந்தக் கதை உங்கள் வீட்டு அலுமாரியில்தான் வந்து முடியும்.

பாடசாலை விடுமுறையில் என் பதினொரு வயது மகளைக் கூட்டிக்கொண்டு லண்டன் மியூசியம் டொக்லண்ட்ஸ் போனேன். வெஸ்ட் இந்தியா கீ ரயில் நிலையத்தில் இறங்கினால் பக்கத்தில்தான். நிரந்தரக் காட்சிகளைப் பார்க்கக் கட்டணம் இல்லை. கட்டடம் 1802இல் திறந்த துறைமுகத்தின் பழைய பண்டகசாலை. கரீபியன் தீவுகளில் அடிமைகளாக வைக்கப்பட்ட ஆபிரிக்கர்கள் விளைவித்த சீனி வந்து குவிந்த இடம்.

அங்கே 2007ஆம் ஆண்டிலிருந்து சீனியையும் அடிமை வியாபாரத்தையும் பற்றிய காட்சிக்கூடம் ஒன்று இருக்கிறது. லண்டனிலிருந்து புறப்பட்ட அடிமைக் கப்பல்களின் பட்டியலை அதில் வைத்திருக்கிறார்கள். கப்பலின் பெயர், கப்பல் தலைவனின் பெயர், ஏற்றிய ஆபிரிக்கர் எத்தனை பேர் என்று வரிசையாகப் போகிறது. மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, கப்பல்காரன்ர பேர் இருக்கு. அந்தச் சனத்தின்ர பேர் எங்க?"

இல்லை. எழுதியவனுக்கு அவர்கள் சரக்கு. சரக்குக்குக் கணக்குப் போதும், பெயர் தேவையில்லை. அந்தத் துறைமுகத்தை உருவாக்குவதில் முன்னின்ற றொபேட் மில்லிகன் என்ற வியாபாரிக்கோ பெயரும் இருந்தது, சிலையும் இருந்தது. அவர் இறந்தபோது ஜமேக்காவில் அவருடைய தோட்டங்களில் 526 அடிமைகள் இருந்தார்கள். நூதனசாலையின் வாசலில் நின்ற அந்தச் சிலையை 2020 ஜூனில்தான் அகற்றினார்கள்.

வீட்டுக்கு வரும்போது ரயிலில் எனக்கு அப்பாவின் பிஸ்கற் ரின் நினைவுக்கு வந்தது.

அப்பா சென்ற ஆண்டு காலமானார். அவருடைய அறையை ஒதுக்கும்போது அந்த ரின் கிடைத்தது. உள்ளே ஒரு படம். பனி கொட்டிக் கிடக்கிற ஒரு வீதியில் எட்டு இளைஞர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டபடி நிற்கிறார்கள். ஒருவர் அப்பா. மற்ற ஏழு பேரும் யார்? அம்மா பிறகு வந்தவர், அவருக்குத் தெரியாது. படத்தின் பின்பக்கம் வெறுமை. கூடவே 1986ஆம் ஆண்டுச் சீட்டுக் கொப்பி ஒன்று. அப்பாதான் தாச்சி. பதினொரு பெயர்கள், மாதாமாதம் யார் எடுத்தது, யார் இன்னும் கட்டவில்லை என்ற கணக்கு. அந்தக் கொப்பியை நான் குப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, பிறகு ஏதோ மனம் கேளாமல் திரும்ப எடுத்தேன்.

படத்தில் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. கொப்பியில் பெயர் இருக்கிறது, முகம் இல்லை. இரண்டையும் பொருத்திச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் முப்பது வருடம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தார். நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

நேயர்களே, 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் நடந்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். திருப்பி அனுப்பப்பட இருந்த நம்மவர்கள் விமானம் ஏறும் இடத்தில் உடுப்பைக் களைந்து எதிர்ப்புக் காட்டினார்கள். கடைசி நேரத்தில் நீதிமன்றம் தலையிட்டது. அதே ஆண்டு ஹாரிச் துறைமுகத்தில் ஏர்ள் வில்லியம் என்ற கப்பலில் நம்மவர்கள் பலரை அடைத்து வைத்திருந்தார்கள். ஒக்டோபர் 16ஆம் திகதிப் பெரும் புயலில் அது கட்டறுந்து போய்த் தரைதட்டியது. பத்திரிகைகள் எப்படி எழுதின? "இத்தனை தமிழர்கள்" என்றுதான். அவர்களும் அநேகமாக எண்ணிக்கையாகத்தான் பதிவானார்கள்.

இதைக் கப்பல் கணக்கோடு நான் ஒப்பிடவில்லை. அந்தக் கொடுமை வேறு, நம்முடைய துன்பம் வேறு. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அந்த மக்களுக்குத் தங்கள் பெயரை எழுதிவைக்க வழியிருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

சாதாரண மனிதர்களின் சீட்டுக் கணக்குக்கு என்ன மதிப்பு என்று நினைக்க வேண்டாம். லண்டன் நகரின் நடுவில் 2010 தொடக்கம் 2014 வரை நடந்த அகழ்வில் ரோமர் காலத்து எழுத்துப் பலகைகள் நானூறுக்கு மேல் கிடைத்தன. அவற்றில் ஒன்று கி.பி. 57 ஜனவரி 8ஆம் திகதி எழுதிய கடன் பத்திரம். அடிமைநிலையிலிருந்து விடுதலை பெற்ற ஒருவர் இன்னொருவருக்கு 105 வெள்ளிக்காசு தரவேண்டும் என்கிறது. இந்த நாட்டில் கிடைத்த, திகதியிட்ட கையெழுத்துகளில் மிகப் பழையது அதுதான். திபுல்லுஸ், கிராத்துஸ் என்ற அந்த இருவரின் பெயர்களும் இன்றுவரை இருக்கின்றன. நம்முடைய சீட்டுக் கொப்பியும் அதே சாதிதானே?

இந்த நகரத்தின் நூதனசாலையும் குடிவந்தவர்களின் கதையைத் தேடாமல் இருந்ததில்லை. 1993இல், பதினைந்தாயிரம் ஆண்டுகளாக வெளியிலிருந்து வந்தவர்களால் ஆனதே லண்டன் என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். 2006இல் லண்டன் அகதிகள் தங்கள் வாயால் சொன்ன வாழ்க்கைக் கதைகளை வைத்து இன்னொன்று நடந்தது. அவை நடந்த லண்டன் வோல் கட்டடம், சிமித்பீல்ட் பழைய சந்தைக்கு இடம் மாறுவதற்காக 2022 டிசெம்பரில் மூடப்பட்டது. கட்டடம் மாறினாலும் நூதனசாலைக்காரர் கேட்கிற கேள்வி மாறாது: இது யாருடையது, எப்போது, எங்கே, இதற்குப் பின்னால் என்ன கதை? பதில் இல்லாத பொருள் வெறும் பழைய பொருள்தான்.

ஆகவே சில வேண்டுகோள்கள்.

இந்தக் கிழமை வீட்டிலுள்ள மூத்தவரோடு உட்கார்ந்து பழைய படங்களை எடுங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு, பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனை வேண்டாம், மை ஊறும். ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், பிளாஸ்ரிக் உறைக்குள் சூடுபோட்டு மூடாதீர்கள். கூரைக்குக் கீழும் கராஜிலும் வைத்தால் வெக்கையும் ஈரமும் தின்றுவிடும்.

நூதனசாலைக்குக் கொடுப்பதென்றால், அன்பளிப்பு என்று கையெழுத்திட்டால் அது இரவல் அல்ல, திரும்பி வராது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். எல்லாப் பொருளும் காட்சிக்கு வராது, பெரும்பாலானவை களஞ்சியத்தில்தான் இருக்கும். வெளியே சொல்ல முடியாத பெயர்களும் நம்மிடம் உண்டு. ஊரில் இன்னும் இருப்பவர்களுக்கு இடைஞ்சல் வருமென்றால் குறிப்பிட்ட காலம் மூடிவைக்கும்படி முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

நான் அந்தப் படத்தை அப்பாவின் பழைய நண்பர்களிடம் காட்டிக்கொண்டு திரிகிறேன். இதுவரை மூன்று பேரின் பெயர் கிடைத்திருக்கிறது. ஒருவர் ரொறன்ரோவில் இருக்கிறார். ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பெயர்களை மகள்தான் தன் கையால் பின்பக்கம் எழுதினாள். மிச்சம் நாலு பேருக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறாள்.