சுருட்டுக்காரர் ஊரில் ஒரு காலி நாற்காலி



புகையிலை மணம் எங்கே வந்தாலும் எனக்கு யாழ்ப்பாணத்துக் கொக்குவில் ஞாபகம் வரும். அங்கே அப்புவின் சுருட்டுக் கொட்டில் இருந்தது. அப்பு என்றால் என் அம்மாவின் தகப்பன். கிடுகு வேய்ந்த நீளமான கொட்டில். பாயில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக இருந்து சுற்றுவார்கள். தேங்காய் மட்டைப் புகை ஊட்டிய இலையின் வாசம், இலைக்கு ஊட்டும் கோடாக் கரைசலின் புளித்த வாசம், வேர்வை வாசம், எல்லாம் ஒன்றாகக் கலந்து படலைக்கே வந்து நிற்கும். அந்தக் கொட்டிலை நான் சிறுமியாக இருந்தபோது கண்டிருக்கிறேன். நான் காணாத ஒன்றை அம்மா சொல்லியிருக்கிறா. ஒரு காலத்தில் அந்த வரிசைக்கு முன்னால் ஒரு வாங்கு கிடந்ததாம். என் சின்னமாமா, அப்போது பன்னிரண்டு வயதுப் பொடியன், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதில் ஏறி இருந்து வீரகேசரிப் பத்திரிகையை உரத்து வாசிப்பாராம். கைகள் சுற்றும், காதுகள் கேட்கும்.

அந்த வாங்கை மனதில் வைத்துக்கொண்டுதான் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக் கடலோர ஊர்கள் இரண்டுக்குப் போய் வந்தேன். ஒன்று கீ வெஸ்ட். மற்றது டாம்பா. இரண்டுமே சுருட்டால் பெயர் எடுத்த ஊர்கள்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சுருட்டுக் குடிப்பவள் இல்லை. அப்புவின் கடைசி வருடங்களில் இரவிரவாகக் கேட்ட இருமல் இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த உரையைக் கேட்டு யாரும் அந்தப் பழக்கத்துக்குப் போக வேண்டாம். நான் கடைகடையாக ஏறி இறங்கியது இலையைப் பார்க்கவும், கையைப் பார்க்கவும், அந்தக் கைக்காரரோடு கதைக்கவும்தான்.

முதலில் கீ வெஸ்ட். பெருநிலத்திலிருந்து தீவுக்குத் தீவு தாவி, நூறு மைலுக்கு மேல் கடல் நடுவே போகிறது சாலை. 42 பாலங்கள், அவற்றில் ஒன்றே ஏறத்தாழ ஏழு மைல் நீளம். இரண்டு பக்கமும் பச்சைத் தண்ணீர். சாலை முடிகிற இடத்தில் நின்றால் கியூபா 90 மைல்தான். அந்தத் தொண்ணூறு மைல்தான் இந்த ஊரின் கதை. 1868இல் கியூபாவில் ஸ்பெயினுக்கு எதிராகப் போர் தொடங்கியதும் சுருட்டுக்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் கடலைக் கடந்து இங்கே வந்தார்கள். முதலாளிகளும் வந்தார்கள். 1890இல் புளோரிடாவிலேயே அதிக சனம் இருந்த நகரம் இந்தச் சின்னத் தீவுதான், ஏறத்தாழ 18,000 பேர்.

இன்று டுவால் தெருவில் சுருட்டுக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் சங்கு, சிப்பி, பனியன் எல்லாம் விற்கிற இடத்தில் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் சுருட்டும் இருக்கிறது. அவ்வளவுதான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் நிக்கராகுவா, ஹொண்டுராஸ், டொமினிக்கன் குடியரசு. ‘கியூபா விதை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். விதைதான் கியூபா, இலை வேறு மண்ணில் விளைந்தது. 1962 பெப்ரவரியில் வந்த வணிகத் தடைக்குப் பிறகு கியூபாச் சுருட்டை அமெரிக்கக் கடையில் விற்க முடியாது. ஒரு கடை வாசலில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று படம் எடுக்கிறவர்கள் அவருடைய கையைப் பார்க்கவில்லை, தொப்பியைத்தான் பார்த்தார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த தெருக்களில் நடந்தேன். சைமன்டன் தெருவில் எதுவார்தோ இடால்கோ காத்தோ என்ற முதலாளியின் பழைய தொழிற்சாலைக் கட்டடம் நிற்கிறது. இப்போது அது அரசாங்கக் கந்தோர். சுற்றிலும் தொழிலாளர் இருந்த சின்ன மரவீடுகள், கோடீஸ்வரர்களின் விலையில். சுருட்டுக் கடை பார்க்க என்று மட்டும் கீ வெஸ்ட் போகாதீர்கள். அந்தச் சாலைக்காகவும் அந்தக் கடலுக்காகவும் போங்கள்.

1886இல் இந்த ஊரில் பெருந்தீ பிடித்தது. காற்றும் சேர்ந்துகொள்ள ஊரின் பெரிய பகுதி ஒன்று போய்விட்டது. எரிந்த தொழிற்சாலைகளில் ஒன்று விசென்டே மார்ட்டினெஸ் ஈபோர் என்பவருடையது. ஸ்பெயினின் வலென்சியாவில் பிறந்து, கியூபாவில் சுருட்டு முதலாளியாகி, அங்கே கியூபர் பக்கம் நின்றதால் தப்பி ஓடி வந்த மனிதர். தீக்கு முந்திய வருடமே டாம்பாவுக்குப் பக்கத்தில் வெறுங்காணி வாங்கி வைத்திருந்தார். அந்தக் காணிதான் இன்றைய ஈபோர் சிட்டி.

கீ வெஸ்டிலிருந்து காரில் ஏறத்தாழ எட்டு மணித்தியாலம் ஓடினால் டாம்பா. 1880இல் அங்கே எழுநூறு பேருக்குச் சற்று அதிகமானவர்கள்தான் இருந்தார்கள். ரயில் பாதை 1884இல் வந்தது, துறைமுகம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல் காற்றில் ஈரம் இருந்தது. எங்கள் ஊரில் இலைக்குத் தண்ணீர் தெளித்துப் பதம் பார்ப்பார்கள். பதம் தப்பிய இலை கையில் நொறுங்கும், சுற்ற வராது. டாம்பாவில் அந்தப் பதத்தைக் கடற்காற்றே பார்த்துக்கொண்டது. 1929இல் இந்த ஒரு நகரத்திலிருந்து 50 கோடிச் சுருட்டு வெளியே போயிருக்கிறது.

ஈபோர் சிட்டிக்குள் நுழைந்தவுடன் என்னை வரவேற்றது ஒரு சேவல். தெருவில் சேவலும் கோழியும் குஞ்சுகளும் தங்கள் பாட்டில் திரிகின்றன. ஊர்ச் சட்டம் அவற்றைக் காக்கிறது. ஏழாம் அவெனியூ பழைய செங்கல் கட்டடத் தெரு. மேல்மாடங்களில் பூவேலை செய்த இரும்புக் கம்பி. கியூபர், ஸ்பானியர், இத்தாலியர் மூவரும் தனித்தனி மன்றம் கட்டி, சந்தா சேர்த்து, வைத்தியமும் பார்த்து, சாவுச் செலவும் கொடுத்து வாழ்ந்த தெரு. ஸ்பானியர் மன்றம் 1891இல் தொடங்கியது. ஊர்ச்சங்கம் வைத்து வாழ்கிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடைகளுக்கு வருகிறேன். முதல் கடை பெரியது. தேவதாரு பலகை அடித்த ஈர அறை ஒன்று உள்ளே. கதவைத் திறந்ததும் பழஞ்சீலைப் பெட்டி திறந்தது போல ஒரு வாசம். அறையின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபது அளவில் நிற்கும்படி மானி வைத்துப் பார்க்கிறார்கள். நூற்றுக்கணக்கான பெட்டிகள். கடைக்காரப் பையன் வயதுச் சான்று கேட்டான். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்பது நாடு முழுவதற்குமான சட்டம். என் தலை நரையைப் பார்த்த பிறகும் கேட்டான். எனக்கு அது பிடித்தது. ஆனால் இந்த இலை எங்கே விளைந்தது, யார் சுற்றினார்கள் என்று கேட்டால் பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னான். இரண்டாவது கடையில் பாட்டுச் சத்தத்தில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாவது கடைக்கு ஒரு பக்கத் தெருவில் திரும்ப வேண்டும். யன்னலோரம் ஒரு பழைய மரமேசை. அதற்குப் பின்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு கியூபர். தயாராகக் கிடந்த கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேலிலை சுற்றிக்கொண்டிருந்தார். நான் அரை மணித்தியாலம் நின்று பார்த்தேன். அவரிடம் பிடி இல்லாத பிறைக் கத்தி ஒன்று, சவேட்டா என்கிறார்கள். அதை இலைமேல் வைத்து உருட்டினால் ஒரே வீச்சில் வளைவாக வெட்டுப்படுகிறது. நரம்பு வெளியே தெரியாதபடி இலையைச் சாய்த்துப் பிடித்து, இழுத்தும் இழுக்காமலும் சுற்றி, நுனியில் மரப்பிசின் ஒரு சொட்டுத் தொட்டு, இலையிலேயே வெட்டிய சின்ன வட்டத்தைத் தொப்பியாக ஒட்டினார். அப்புவிடம் இந்தக் கத்தி இருக்கவில்லை, கத்தரிக்கோல்தான். ஆனால் பெருவிரலால் இலையை நீவி விடுகிற அந்த ஒரு அசைவு அப்படியே அப்புவினுடையது.

எந்தக் கடை நல்ல கடை என்று என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். சுற்றியவர் அங்கேயே இருக்க வேண்டும். இலையைக் கையில் தந்து காட்ட வேண்டும். வாங்காமல் நிற்கிறவளோடும் கதைக்க வேண்டும். இந்தக் கடையில் மூன்றும் இருந்தன.

சுற்றுகிறவர்களுக்கு உரத்து வாசித்துக் காட்டுகிற வழக்கத்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். எனக்கு அரைகுறை ஸ்பானியம். அவருக்கு அரைகுறை ஆங்கிலம். ‘லெக்டோர்’, அதாவது வாசிப்பவர், என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. கையை நிறுத்தாமலே சிரித்தார். கியூபாவில் அவர் வேலை செய்த தொழிற்சாலையில் வாசிப்பவர் இருந்தாராம். அங்கே அந்த வழக்கம் 1865இல் ஹவானாவில் தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

டாம்பாவிலும் அது நடந்தது, நேயர்களே, ஒவ்வொரு பெரிய தொழிற்சாலையிலும். செங்கல்லால் கட்டிய நீளக் கட்டடங்கள் கிழக்கு மேற்காகக் கிடக்கும். வெளிச்சமும் காற்றும் வர வடக்கிலும் தெற்கிலும் யன்னல்கள். நூற்றுக்கணக்கான ஆண்களும் பெண்களும் வரிசை வரிசையாக இருந்து சுற்றுவார்கள். நடுவில் உயர்த்திய மேடையில் ஒரு நாற்காலி. அதில் இருந்து லெக்டோர் காலையில் செய்தித்தாள், பிறகு நாவல் என்று வாசிப்பார். ஒலிபெருக்கி இல்லை, வெறுங்குரல் கடைசி வரிசைக்கும் போக வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி அல்ல. தொழிலாளர்கள் வாராவாரம் தங்கள் கூலியிலிருந்து சில காசு எடுத்துக் கொடுத்தார்கள். ஆளைத் தேர்ந்ததும் அவர்கள். எந்த நாவல் என்று வாக்கெடுத்ததும் அவர்கள். செர்வாண்டிஸ், விக்டர் யூகோ, துமா எல்லோரும் எழுத்துத் தெரியாத காதுகளுக்குள் அப்படித்தான் போனார்கள். மொண்டேகிறிஸ்டோ, ரோமியோ யூலியெட்டா என்று இன்றும் சுருட்டுக்குப் பெயர் இருக்கிறதே, அவை கியூபாத் தொழிற்சாலைகளில் நடந்த இதே வாசிப்பிலிருந்து எழுந்த பெயர்கள் என்பார்கள்.

கேட்டவர்கள் சும்மா கேட்கவில்லை. 1891 நவம்பரில் ஹோசே மார்த்தி இங்கே வந்து பேசினார். கவிஞர், கியூப விடுதலையின் உயிர்நாடி. அதற்குப் பிறகு சுருட்டுக்காரர்கள் வாரத்தில் ஒரு நாள் கூலியை விடுதலைக்குக் கொடுத்தார்கள். 1895இல் கிளர்ச்சிக்கான கட்டளைக் கடுதாசி டாம்பாவில் ஒரு சுருட்டுக்குள் சுற்றப்பட்டுக் கியூபா போனது என்று ஊரில் சொல்கிறார்கள். இன்று மார்த்தி பெயரில் ஒரு சின்னப் பூங்கா ஈபோர் சிட்டியில் இருக்கிறது. அந்தத் துண்டு நிலம் கியூபாவுக்குச் சொந்தம். நான் போன அன்று கதவு பூட்டியிருந்தது. கம்பிக்கு வெளியே நின்று கும்பிட்டேன்.

முதலாளிகளுக்கு அந்த நாற்காலி உறுத்திக்கொண்டே இருந்தது. செய்தித்தாள் வாசித்தால் கூலிக் கணக்குக் கேட்பார்கள் அல்லவா? 1931இல் தீவிர அரசியல் வாசிக்கிறார்கள் என்று குற்றம் சாட்டி வாசிப்பை நிறுத்தினார்கள். தொழிலாளர்கள் வேலையை விட்டு எழுந்தார்கள். தொழிற்சாலைகள் திரும்பத் திறந்தபோது வாசிப்பவர் இல்லை. பிறகு அந்த இடத்தில் என்ன வந்தது தெரியுமா? வானொலிப் பெட்டி.

இதை அறிந்தபோது எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. வானொலியில் நான் இருந்து பேசுகிற இந்த நாற்காலி யாருடைய நாற்காலி என்று நினைத்தேன்.

வாசித்தவர்கள் எல்லோரும் காணாமல் போய்விடவில்லை. விக்தோரியானோ மந்தேய்கா என்ற லெக்டோர் 1922இல் தொடங்கிய லா கசேட்டா என்ற பத்திரிகை ஸ்பானியம், ஆங்கிலம், இத்தாலியம் மூன்றிலும் இன்றும் வருகிறது. பெரிய தொழிற்சாலைகளில் இன்றும் சுருட்டு வேலை நடப்பது ஒன்றில்தான். 1910இல் கட்டிய மணிக்கூட்டுக் கோபுரக் கட்டடம். எல் ரெலோஹ், அதாவது மணிக்கூடு என்றே அதற்குப் பெயர். நியூமன் குடும்பத்தார் அதை நடத்துகிறார்கள். 1930களின் இயந்திரங்கள் இன்னும் கடகடவென்று ஓடுகின்றன. பக்கத்தில் ஒரு பெண்ணின் கை இலையை விரித்துக் கொடுக்கிறது. கட்டாயம் பாருங்கள். ஆனால் அந்த இரைச்சலில் யாரும் எதையும் வாசித்துக் கேட்க முடியாது.

வானொலி எங்கள் கொட்டிலுக்கும் வந்தது. அப்பு ஒரு பெட்டி வாங்கி வளையில் தொங்கவிட்டார். செய்தி வந்தது, பாட்டு வந்தது. சின்னமாமாவின் வேலை போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். ஆனால் பின்னேரம் பெட்டியை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட்டார்கள், தொடர்கதைக்கு. காரணத்தை அம்மா சொன்னா. பெட்டியைப் பார்த்து, ‘தம்பி, பொறு, அந்த இடத்தைத் திரும்ப வாசி’ என்று சொல்ல முடியாது. ‘அவன் சொன்னது பிழை’ என்று சண்டை பிடிக்க முடியாது. சின்னமாமாவை மறிக்கலாம்.

கடைசி நாள் அந்தப் பக்கத் தெருக் கடைக்குத் திரும்பப் போனேன். மேசையோரம் ஒரு சின்ன வானொலியில் பேஸ்போல் வர்ணனை மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் இருக்கச் சொன்னார். கதையோடு கதையாக ஒன்று கேட்டேன். வாசிப்பது பிடித்திருந்தால் நீங்கள் எல்லோரும் என்ன செய்வீர்கள்? அவர் சவேட்டாவைக் காட்டினார். எல்லோரும் ஒன்றாக அதால் மேசையில் தட்டுவார்களாம். நானூறு கத்தி ஒரே நேரம் தட்டினால் கட்டடமே அதிரும் என்றார். பிடிக்காவிட்டால் கத்தி நிலத்தில் விழும்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அப்போதுதான் கேட்டார். தமிழ் வானொலியில் பேசுகிறேன் என்றேன். தமிழ் என்றால் என்ன என்று கேட்டார். சொல்லிக் காட்டு என்றார். நான் அப்புவின் கொட்டிலைப் பற்றி, கிடுகு, பாய், வாங்கு, சின்னமாமா, வீரகேசரி எல்லாவற்றையும் நம்முடைய பேச்சிலேயே ஐந்து நிமிடம் சொன்னேன். அவர் வானொலியை அணைத்திருந்தார். கை சுற்றிக்கொண்டே இருந்தது. நான் முடித்ததும் கையிலிருந்த சுருட்டைக் கீழே வைத்தார். சவேட்டாவை எடுத்து மேசையில் இரண்டு தரம் தட்டினார்.