குரும்பைத் தீவு

தை, மாசி மாதங்களில் இத்தாலியின் வடபகுதியைக் குளிர் நடுக்கும். அதே வேளை மாலைதீவில் வடகீழ்ப் பருவக்காற்று மெல்லென வீச, மழை ஓய்ந்து கடல் தெளிந்திருக்கும். அப்பருவத்தைத் தீவினர் ‘இருவை’ என்பர்.

1972ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஜோர்ஜ் கோர்பின் என்னும் இத்தாலியர் தம் நாட்டவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றார். அத்தீவுகளை அவருக்கு அறிமுகஞ் செய்தவர் கொழும்பிலிருந்த மாலைதீவுத் தூதரக அலுவலர் ஒருவர். மாலே நகரில் அன்று உல்லாச விடுதி ஏது? ஊரவர் வீடுகளிலேயே தங்கினர். மீன் பிடித்தலும், நீந்துதலும், வெண்மணலிற் சாய்ந்து கிடத்தலுமே அவர்தம் அலுவல். அதற்குமேல் அவர்கள் எதனையும் வேண்டினாரல்லர்!

அவ்வாண்டு ஒக்டோபரிலேயே, ஆளில்லாத தென்னந்தீவு ஒன்றில் 30 அறைகளுடன் முதல் விடுதி எழுந்தது. பெயர் ‘குரும்பா’. இளநீர்க் காய்க்கு அவர்கள் வழங்குஞ் சொல் அது. நம் குரும்பையை நினைவூட்டுவது.

எந்த வெம்மையை நாடி விருந்தினர் வருகின்றனரோ, அது கடலிற் சற்று மிகினும் பவள உயிர்கள் தாங்கமாட்டா. 1998இல் கடல்நீர் சூடேறியபோது அங்குள்ள பவளங்கள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. பெரும்பாலும் 2 மீற்றர் உயரமுமில்லாத அத்தீவுகளுக்கு, அலையை மறிக்கும் வேலி அப்பவளப் பாறையேயாம்.