சாவா மூவாப் பேராடும் நம் ஊர் மருத்துவமனையும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் ஆராய்ச்சி பண்பாட்டு மரபு, மருத்துவமனை நிர்வாகம், கம்பெனிச் சட்டம் ஆகிய மூன்றையும் தொடுவது. இதைச் சொன்னால் பலரும் சிரிப்பார்கள். கோயில் கல்வெட்டுக்கும் கம்பெனி ஆண்டறிக்கைக்கும் என்ன சம்பந்தம், இரண்டுக்கும் நடுவில் ஆஸ்பத்திரி எங்கே வந்தது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மூன்றையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு ஒன்று உண்டு. ஊருக்குப் பொதுவான ஒரு காரியம், அதைத் தொடங்கியவர் போன பிறகும் நடக்க வேண்டும் என்றால், அன்றாடச் செலவை யார் தருவது, எதிலிருந்து தருவது? இதுதான் அந்தக் கயிறு.

நம் பெண்ணாடத்திலிருந்தே தொடங்குகிறேன். பிரளயகாலேசுவரர் கோயிலின் கருவறை, படுத்திருக்கும் யானையின் முதுகைப் போல வளைந்திருக்கும். அதனால்தான் தேவாரத் தலங்களில் அதற்குத் திருத்தூங்கானைமாடம் என்று பெயர். திருநாவுக்கரசர் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பெற்ற தலம். கோயிலுக்குப் போகும்போது சாமி கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். சுவரில் இருக்கும் எழுத்துகளை நின்று பார்ப்பவர் குறைவு. சோழ நாட்டுக் கோயில்களின் சுவர்தான் அந்தக் காலத்துப் பதிவு அலுவலகம். யார் என்ன கொடுத்தார், யார் பொறுப்பு, தவறினால் என்ன என்பதெல்லாம் ஊரார் கண் முன்னால் எழுதி வைக்கப்பட்டது.

அந்தக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல், சாவா மூவாப் பேராடு. கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டும். அதற்காக ஒருவர் 96 ஆடு அல்லது 90 ஆடு கொடுப்பார். மந்தையை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகாதா? சாகும். ஆனால் குட்டி போடும். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வளர்ந்து சேர்ந்துவிடுவதால் மந்தையின் கணக்கு மட்டும் குறையாது. அதனால் சாகாத, மூப்படையாத ஆடு என்று எழுதினார்கள்.

கம்பெனிகள் சட்டம், 2013-இன் 9ஆம் பிரிவைப் படித்தால் இதே கருத்து அங்கே இருக்கிறது. பதிவு செய்யப்பட்ட கம்பெனிக்குத் தொடர்ச்சியான வாழ்வு உண்டு என்கிறது அது. பங்குதாரர் இறக்கலாம், இயக்குநர் மாறலாம், கம்பெனி அப்படியே இருக்கும். மந்தைக்கும் கம்பெனிக்கும் அடிப்படை ஒன்றுதான்.

இப்போது மருத்துவமனைக்கு வருகிறேன். காஞ்சிபுரம் பக்கம் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்றொரு ஊர். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு இருக்கிறது. அவன் ஆண்டது 1063 முதல் 1070 வரை. கோயிலோடு சேர்ந்து நடந்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, மருத்துவமனை மூன்றுக்கும் ஆன செலவுத் திட்டம் அது. மருத்துவமனையில் 15 படுக்கைகள். ஒரு மருத்துவர், அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை சிகிச்சை செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர். நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள். நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய்.

இந்தப் பட்டியலில் எனக்குப் பெரிதாகப் பட்டது, கட்டடம் எவ்வளவு பெரியது, யார் திறந்து வைத்தார் என்பதற்கு அதில் இடமே இல்லை என்பது. இருப்பதெல்லாம் சம்பளம், அரிசி, விறகு, தண்ணீர், எண்ணெய். மருத்துவமனை என்றால் கட்டடம் என்று அவர்கள் நினைக்கவில்லை. தினமும் ஆகும் செலவுதான் மருத்துவமனை என்று நினைத்தார்கள்.

வணிகர்களும் இதில் பங்கு எடுத்துக்கொண்டார்கள். சிவகங்கை மாவட்டம் பிரான்மலைக் கோயிலில் ஒரு வணிகக் குழுவின் கல்வெட்டு உண்டு. உப்பு, நெல், பாக்கு, மிளகு, மஞ்சள் என்று தாங்கள் வாங்கி விற்கும் சரக்கின்மேல் தாங்களே ஒரு பங்கு விதித்துக்கொண்டு கோயிலுக்குத் தந்திருக்கிறார்கள். பிற்காலத்தில் விருதுநகர், சிவகாசி வியாபாரிகள் மகமை என்ற பெயரில் இதையே செய்து பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். லாபத்தில் ஊருக்கு ஒரு பங்கு என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை.

அதன் இன்றைய வடிவம்தான் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றை முந்தைய ஆண்டில் எட்டிய கம்பெனி, கடந்த மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதமாவது சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்று நாம் கேள்விப்படுவது இதுதான். எதற்குச் செலவிடலாம் என்று ஏழாம் அட்டவணை சொல்கிறது. அதன் முதல் இனத்திலேயே மருத்துவம், சுகாதாரம் வருகின்றன. ஐந்தாம் இனத்தில் பண்பாட்டு மரபு, பழைய கட்டடங்களைச் சீரமைப்பது, பாரம்பரியக் கைவினை ஆகியவை வருகின்றன. பக்கத்து விருத்தாசலத்தின் களிமண் பொம்மையும் அகல்விளக்கும் செய்யும் கைகளுக்குக்கூட இந்த ஐந்தாம் இனத்தில் இடம் உண்டு. கம்பெனி இயங்கும் இடத்துக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

அப்படியானால் குறை எங்கே? சி.எஸ்.ஆர். விதிகளின்படி ஒரு தொடர் திட்டம், தொடங்கிய நிதியாண்டை விட்டுவிட்டுப் பார்த்தால், அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். கம்பெனிக்கும் கணக்கில் காட்ட எளிதாக இருப்பது பொருள்தான். ஒரு கட்டடம், ஒரு ஆம்புலன்ஸ், ஒரு இயந்திரம். போட்டோ எடுக்கலாம், பெயர்ப் பலகை வைக்கலாம். ஆனால் சம்பளத்துக்கும் விறகுக்கும் எண்ணெய்க்கும் யார் பொறுப்பு?

டயாலிசிஸை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் அது தேவை. ஒரு முறைக்கே சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் ஓடும். இயந்திரம் நன்கொடையாக வந்துவிடும். தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியைப் பராமரிக்க ஆள், பயிற்சி பெற்ற டெக்னீசியன், வடிகட்டி, தடையில்லாத மின்சாரம் எல்லாம் மாதாமாதம் வேண்டும். அவை நின்ற நாளில் இயந்திரம் உறை போட்டு மூலையில் நிற்கும். நோயாளி பஸ் ஏறி வேறு ஊருக்குப் போவார். வயதானவருக்கும் உடன் போகும் பிள்ளைக்கும் அந்தப் பயணம் எவ்வளவு பாரம் என்பது இங்கே இருக்கும் பல வீடுகளுக்குத் தெரியும்.

அன்றாடச் செலவுக்கு வழி கண்டவர்கள் நம் காலத்திலும் இருக்கிறார்கள். மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் தர முடிந்தவர்களிடம் வரும் வருமானத்திலிருந்தே முடியாதவர்களுக்கும் சிகிச்சை என்ற முறையை அமைத்தார். உலகெங்கும் நிர்வாகக் கல்லூரிகளில் இதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். என் கண்ணுக்கு அதுவும் ஒரு சாவா மூவா மந்தைதான்.

சி.எஸ்.ஆர். பணத்தில் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. ஆனால் அது கம்பெனி தன் சி.எஸ்.ஆர். வேலையை நிர்வகிக்க ஆகும் செலவுக்குத்தான். கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட கேள்வி பதில் விளக்கத்தில், கல்வித் திட்டத்தில் ஆசிரியர் சம்பளம் திட்டச் செலவாகவே கொள்ளப்படும் என்று இருக்கிறது. அதே தர்க்கம் செவிலியருக்கும் டெக்னீசியனுக்கும் பொருந்தும். எனவே கேட்கலாம். கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? மூன்று வேலை சொல்கிறேன்.

ஒன்று, படிப்பது. சி.எஸ்.ஆர். கடமை உள்ள கம்பெனிக்கு இணையதளம் இருந்தால், அதன் சி.எஸ்.ஆர். கொள்கையையும் இயக்குநர் குழு ஒப்புதல் தந்த திட்டங்களையும் அதில் வெளியிட வேண்டும். நம் மாவட்டத்திலேயே நெய்வேலியில் என்.எல்.சி. இந்தியா இருக்கிறது. அதன் ஆண்டறிக்கையை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். எந்தத் திட்டம், எந்த மாவட்டம், எவ்வளவு என்று பாருங்கள். அந்தக் காலத்துக் கோயில் சுவர் இன்று இணையதளம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். சுவரை நின்று படிக்காத பழக்கம் மட்டும் நம்மிடம் மாறவில்லை.

இரண்டு, எழுதுவது. நம் சங்கமே அந்தப் பணத்தை வாங்கிச் செலவிடுவது எளிதில்லை. அதற்கு வருமான வரிச் சட்டத்தின் கீழும் அமைச்சகத்திலும் தனிப் பதிவுகள் வேண்டும். அது தேவையும் இல்லை. அரசு மருத்துவமனையையும் அதன் நோயாளர் நலச் சங்கத்தையும் அணுகி, எந்தச் சேவை எதனால் தடைபடுகிறது என்று கேட்டு, ஆண்டுச் செலவுப் பட்டியல் ஒன்று தயாரிக்க உதவலாம். சம்பளம் இவ்வளவு, பராமரிப்பு ஒப்பந்தம் இவ்வளவு, உதிரிப்பொருள் இவ்வளவு, மூன்றாண்டு முடிந்த பிறகு யார் ஏற்பது என்று நான்கே வரி போதும். கம்பெனிகள் ஆண்டுச் செயல்திட்டம் போட்டு இயக்குநர் குழுவின் ஒப்புதல் வாங்குவதால், ஏப்ரலில் புதிய நிதியாண்டு பிறப்பதற்கு முன்பே மனு போய்ச் சேர வேண்டும். நான்காவது வரி இல்லாத மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன், நீங்களும் போடாதீர்கள்.

மூன்று, நம் வீட்டிலேயே தொடங்குவது. நுழைவாயில் வளைவுக்குச் சந்தா சுலபமாகச் சேர்ந்துவிடும். லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் காவலாளி சம்பளத்துக்கும் கேட்கும்போதுதான் முகம் சுருங்குகிறது. பொருளாளருக்கு இது நன்றாகத் தெரியும். நம் வைப்பு நிதியை நாம் சாவா மூவா மந்தையாக வைத்திருக்கிறோமா, அவசரத்துக்கு ஒவ்வொரு ஆடாக விற்கிறோமா என்பதைப் பொதுக்குழுவில் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். அந்தக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கல்லில் வெட்ட வேண்டாம், காகிதம் போதும்.

திருமுக்கூடல் மருத்துவமனை இன்று இல்லை. ஆனால் ஒரு மருத்துவமனையை நடத்த என்னென்ன வேண்டும் என்ற பட்டியல் 950 ஆண்டுகளுக்குப் பிறகும் சுவரில் இருக்கிறது. அதுபோன்ற ஒரு பட்டியலை நம் ஊருக்காக எழுத ஐந்து பேர் முன்வந்தால், இந்தக் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கம்பெனிச் சட்டப் பகுதியை எழுதித் தருவது என் பொறுப்பு.