நாணயம் என்னும் நம்பிக்கை



பண்டைக் கிரேக்கர் நாணயத்தை 'நொமிஸ்மா' என வழங்கினர். இது 'நொமோஸ்' என்னும் சொல்லின் வழிவந்தது. நொமோஸ் என்றால் வழமை. சட்டம் என்றும் பொருள்படும். ஆகவே இப்பெயரில் பொன்னுமில்லை, வெள்ளியுமில்லை. மனிதர் தம்முள் செய்துகொண்ட உடன்பாடே உண்டு.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவஞானி அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலில் இதனை விளக்குகின்றார். வீடு கட்டுபவனும் சப்பாத்துத் தைப்பவனும் தத்தம் ஆக்கங்களை மாற்றிக்கொள்ள ஒரு பொது அளவை வேண்டும், அதுவே பணம். இன்று ஒன்றும் தேவைப்படாதவனுக்கு நாளைய தேவைக்குப் பணம் பிணையாக நிற்கின்றது. ஆயினும் அது இயற்கையால் அமைந்ததன்று, சட்டத்தால் அமைந்தது; அதனை மாற்றவும் பயனற்றதாக்கவும் நம்மால் இயலும் என்கிறார் அவர்.

தொட்டதெல்லாம் பொன்னாகியும் உண்ண வழியற்றிருந்த மைடாஸ் மன்னனின் கதையைத் தமது அரசியல் நூலில் அவரே நினைவூட்டுகின்றார். பணத்தையே செல்வமென மயங்குவோர்க்கு அது நல்ல பாடம்.

நம் மொழியிலும் நாணயம் என்பது காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். ஒருவர்மேல் ஒருவர் கொண்ட நம்பிக்கை அற்றுப்போமாயின், கையிலுள்ள காசு வெறும் உலோகத்துண்டே.