இசையினூடே எழும் இரைச்சல்



திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு தோன்றியது. அந்நாளில் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தன. இன்று அவை தனித்தனி மாவட்டங்கள். ஊராட்சியின் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து ஊரே நாதசுரம் கேட்ட காலம் மாறி, இன்று கோயில் திருவிழாவாயினும் காதணி விழாவாயினும் மைக் செட் இன்றி நடைபெறுவதில்லை.

பாடகர் பாட்டை நிறுத்திய இடைவெளியில் அந்த ஒலிபெருக்கியைக் கூர்ந்து கேளுங்கள். 'உஸ்' என்னும் மெல்லிய இரைச்சல் இடைவிடாது வந்துகொண்டிருக்கும். எவரும் பேசவில்லை, மைக்கை எவரும் தொடவுமில்லை. பின் அவ்விரைச்சல் எங்கிருந்து வருகிறது? அதில் ஒரு பங்கு, நெல்மணியைவிடச் சற்றே பெரிதான ஓர் உறுப்பிலிருந்து வருகிறது. அதன் பெயர் மின்தடை. கடைவீதியில் ரெசிஸ்டர் என்பர்.

மைக் தரும் மின்னழுத்தம் மிகச் சிறிது. ஏறத்தாழ 1 மில்லிவோல்ட் என்று கொள்ளலாம். அதனை முதலில் உயர்த்தித் தரும் பகுதியே முன்பெருக்கி. எவ்வளவு மின்னோட்டம் செல்ல வேண்டும், எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பவற்றை அங்கே வரையறுப்பவை மின்தடைகள். விலையுயர்ந்த மின்தடையைப் பொருத்தினால் இசையே புதுப்பொலிவு பெறும் என்று சிலர் கூறுகின்றனர். திருவிழாக் காலத்து வருவாயைக் கொண்டே ஆண்டு முழுதும் குடும்பம் நடத்தும் மைக் செட்காரர் அதனை நம்பிப் பணம் செலவிடலாமா? இதற்கு விடை கூற அறிவியலைத்தான் அழைக்க வேண்டும்.

மின்தடைக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒருபோதும் ஓய்ந்திருப்பதில்லை. வெப்பத்தால் அவை எப்போதும் ஒழுங்கின்றி அலைகின்றன. அவ்வலைச்சலே ஒரு நுண்ணிய மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் என்பவர் இதனை அளந்து காட்டினார். நைக்விஸ்ட் என்பவர் அதற்குரிய கணிதத்தை வகுத்தார். இருவர் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. இருவருமே சுவீடன் நாட்டில் பிறந்தவர்கள்.

அவர்கள் கண்ட விதி எளியது. இரைச்சலின் மின்னழுத்தம் மின்தடை அளவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நம் செவிக்கெட்டும் 20,000 அலைவுகள் வரையுள்ள எல்லைக்குள், 1 கிலோ ஓம் தடை சுமார் 0.6 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தரும். 10 கிலோ ஓம் தடை சுமார் 1.8 மைக்ரோவோல்ட் தரும். எந்த நிறுவனம் செய்ததாயினும், பொன்னால் செய்ததாயினும், இவ்விரைச்சலில் அணுவளவும் குறையாது. அதனைக் குறைக்க வேண்டுமாயின் தடையின் அளவைக் குறைத்துச் சுற்றமைப்பை வகுக்க வேண்டும்.

அரியலூர் வெயிலில் இவ்விரைச்சல் மிகுமோ என்று நீங்கள் வினவலாம். 15 டிகிரிக் குளிரில் இருப்பதைவிட 40 டிகிரி வெயிலில் அது நூற்றுக்கு 4 பங்குதான் கூடும். செவி அதனை உணராது.

அங்ஙனமாயின் எல்லா மின்தடைகளும் ஒன்றுதானா? அன்று. கார்பன் தூளைப் பிசினுடன் கலந்து அழுத்திச் செய்த பழைய வகையில், மின்னோட்டம் ஒரு துகளிலிருந்து மறு துகளுக்குத் தாவித் தாவிச் செல்கிறது. அதனால் மேற்கூறிய இரைச்சலோடு இன்னோர் இரைச்சலும் சேர்கிறது. தடையின் குறுக்கேயுள்ள மின்னழுத்தம் உயர உயர அதுவும் உயரும். பீங்கான் தண்டின்மேல் மெல்லிய உலோகப் படலம் பூசிச் செய்த மெட்டல் பிலிம் வகையிலோ இந்தக் கூடுதல் இரைச்சல் மிகக் குறைவு. அது அரிய பொருளுமன்று. சில ரூபாய்க்குள் கிடைப்பது.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? வேண்டியதில்லை. விதைச் சோளத்தோடு கலந்த களைவிதை கொல்லை முழுதும் முளைக்கும். அறுவடைக்குப் பின் களத்தில் விழுந்த களைவிதையால் அத்தகைய கேடில்லை. அதுபோலவே முதல் நிலையில் புகுந்த இரைச்சல் இசையோடு சேர்ந்து பன்மடங்கு பெருகும். ஆதலால் முதல் நிலையிலுள்ள சில மின்தடைகளை மாற்றினாலே பெரும்பயன் கிட்டும்.

மின்தடையின் அளவு பிசகாதிருப்பதும் இன்றியமையாதது. இசைத்தட்டில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளை மிகுத்தும் பதிவு செய்வர். கேட்கும்போது முன்பெருக்கி அதனை நேர்மாறாகச் சீர்செய்ய வேண்டும். அங்குள்ள மின்தடை குறித்த அளவிலிருந்து நூற்றுக்குப் பத்துப் பங்கு விலகினால் இசையின் சமநிலை மாறக்கூடும். 1 பங்குக்கு மேல் பிசகாத மின்தடையை இங்கே கொள்வது அறிவுடைமை.

இரைச்சலும் அளவும் ஒன்றாயிருந்தும் இசை வேறாக ஒலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவரைப் பழிக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள். இரண்டு கருவிகளின் ஒலியளவையும் முதலில் சமமாக்குங்கள். சற்று உரக்க ஒலிப்பதே இனிமையானதாகத் தோன்றுவது செவியின் இயல்பு. நாணயத்தைச் சுண்டி, எது இசைக்கிறது என்று கேட்பவர் அறியாதவாறு பத்து முறை மாற்றி இசையுங்கள். வெறும் ஊகத்தால் ஒன்பது முறையேனும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 1,024இல் 11 மட்டுமே. அவர் ஒன்பது முறை சரியாகச் சொன்னால் அவர் செவியை மதித்துக் காரணத்தைத் தேடுங்கள். ஐந்தாறு முறைதான் சரியென்றால், அவர் விலையைக் கேட்டாரேயன்றி இசையைக் கேட்டார் என்பதற்குச் சான்றில்லை.

மாணவர்களே, அரிய கருவிகள் வாய்த்தவர்க்கு மட்டும் உரியதன்று அறிவியல். ஒரு மீட்டரும், ஒரு நாணயமும், நேர்மையான செவியும் இருந்தால் உங்கள் பள்ளி ஆய்வறையிலேயே இவ்வாராய்ச்சியைத் தொடங்கலாம். பிறர் சொல்லை அப்படியே ஏற்பதும் எளிது. அப்படியே மறுப்பதும் எளிது. அளந்து அறிவதே கற்றவர்க்கு அழகு.