தொட்டி மீனும் களப்பு மீனும்

புத்தளத்திலிருந்து வடக்கே எலுவன்குளம் நோக்கிச் செல்லும் வீதியில் வண்ணாத்திவில்லு என்னும் ஊர் அமைந்துள்ளது. அதன் வடபால் வில்பத்துக் காடு, மேல்பால் களப்பு. கலா ஓயா கங்கைவாடியின் கண்டற் காடுகளை ஊடறுத்து அக்களப்பிலே சென்று கலக்கிறது. நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். சீமெந்துக்கென அருவக்காட்டிலே அகழப்படுவதும் இக்கல்லேயாகும். ஆதலால் இப்பகுதியின் நிலத்தடி நீர் வன்னீராக இருக்கிறது. கேத்தலின் அடியிலே வெண்படை படிவதைக் கண்டு இல்லத்தரசியர் சலித்துக்கொள்வர். ஆயினும், அத்தகைய நீரையே விரும்பும் மீன்களும் உண்டு. அவைதாம் நடு அமெரிக்காவின் சிக்லிட் மீன்கள்.

சிக்லிட் என்பது ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெருங்குடும்பம். ஆபிரிக்காவும் அமெரிக்காவுமே அதன் தாயகங்கள். ஆசியாவுக்குக் கிடைத்த பங்கு மிகச் சிறிது. அச்சிறு பங்கிலும் இரண்டு இனங்கள் இலங்கைக்கு உரியவை. ஒன்று செத்தல், சிங்களத்தில் கோரலிய எனப்படுவது. மற்றையது அதன் சிற்றுறவான, விரல் நீளமே வளரும் மஞ்சள் நிற மீன். சிங்களத்தில் ரல்லியா என்பர். மீன் வளர்ப்போர் அதனை ஒரேஞ்ச் குரோமைட் என்று அழைக்கின்றனர். இவ்விரண்டும் ஆற்று முகங்களிலும் களப்புகளிலும் வாழ்பவை. ஆகவே, கடைத் தொட்டியிலுள்ள அமெரிக்க மீனுக்கும் களப்பிலுள்ள மீனுக்கும் உறவு உண்டு. உறவு இருப்பதனாலேயே தடுமாற்றமும் உண்டாகிறது.

சிக்லிட் குடும்பத்தை இனங்காணல் எளிது. பெரும்பாலான மீன்களுக்கு மூக்குத் துளைகள் ஒவ்வொரு பக்கமும் இரண்டு. சிக்லிட்டுக்கோ ஒன்று மட்டுமே. அடுத்து, வயிற்றின் பின்புறமுள்ள குதச் செட்டையின் முட்களை எண்ணுதல் வேண்டும். யப்பான் மீன் என்று பலர் அழைக்கும் திலாப்பியாவுக்கு அவை மூன்று. நடு அமெரிக்க இனங்களுக்குப் பெரும்பாலும் அதனிலும் கூடுதலாக இருக்கும். செத்தலுக்கோ பன்னிரண்டு அளவில் உண்டு. கடைக்காரர் கூறும் பெயரைக் காட்டிலும் இவ்வெண்ணிக்கை நம்பத்தக்கது.

கடைகளில் மிகுதியாகக் காணப்படுவது கன்விக்ட் என்னும் கைதி மீன். சாம்பல் உடலிலே எட்டு அல்லது ஒன்பது கரிய நெடுவரிகள் சிறைச்சாலை உடையை நினைவூட்டும். குந்தர் என்னும் அறிஞர் 1867 ஆம் ஆண்டில் இதனை விவரித்துப் பெயரிட்டார். செத்தற் குஞ்சுக்கும் வரிகள் உண்டாகையால் இரண்டையும் மயங்கிக் கொள்வது இயல்பே. செத்தலின் செதில்களிலே முத்துப் போன்ற வெண்புள்ளிகள் மின்னும். கைதி மீனுக்கு அவை இல்லை. கைதி மீனின் பெண்ணுக்கு வயிற்றிலே செம்மஞ்சள் நிறம் படர்ந்திருக்கும். பயர்மவுத் என்னும் நெருப்புவாய் மீன் சினந்தால் செவுள் மூடிகளை விரித்துச் செந்நிறத் தொண்டையைக் காட்டி அச்சுறுத்தும். ஜக் டெம்ப்சி, பெயர்பெற்ற குத்துச்சண்டை வீரரின் பெயரைத் தாங்கியது. கரிய உடலில் நீலப் பொட்டுகள் இறைத்தாற்போலத் தோன்றும். ஜகுவார் சிக்லிட்டின் குஞ்சு அடக்கமாகத் தோன்றும். வளர்ந்தாலோ ஓர் அடியையும் கடந்து, உடன் இருப்பவற்றை விழுங்கும். நெற்றியிலே திமில் ஏந்திய பிளவர்ஹோர்ன் எந்த ஆற்றுக்கும் உரியதன்று. அது 1990களில் மலேசியாவிலே கலப்பினால் உருவாக்கப்பட்டது.

இம்மீன்களை வாழவைப்பது கடினமன்று. கைதி மீன் இணையொன்றுக்கு நூறு லீற்றர் நீர் போதும். ஜகுவாருக்கு ஐந்நூறு லீற்றரும் மிகையன்று. வெப்பம் 24 முதல் 28 பாகை வரை இருத்தல் நன்று. புதிய தொட்டியிலே மீன்களை உடனே நிரப்புதல் தவறு. கழிவிலிருந்து பிறக்கும் அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிலே பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். அதன்பின் கிழமைதோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்ற வேண்டும். இவை மண்ணைக் கிண்டும் மீன்களாதலால், கற்களை மணலின்மேல் அடுக்காது தொட்டியின் அடித்தளத்திலேயே பொருத்துதல் வேண்டும். இன்றேல் கல் சரிந்து கண்ணாடி உடையும். நீர்த்தாவரங்கள் நிலைக்கா. கவிழ்த்து வைத்த உடைந்த மண்சட்டி ஒன்று போதும். கைதி மீன் அதனுள்ளே முட்டையிடும். ஏறத்தாழ மூன்று நாளிற் குஞ்சு பொரிக்கும். தாயும் தந்தையும் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும் காட்சியைச் சிறுவர்கள் மணிக்கணக்காகப் பார்த்திருப்பர்.

தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. நூறு குஞ்சுகள் பிறந்தால் அவற்றை எங்கே வைப்பது? ஜகுவார் தொட்டிக்குள் அடங்காமற் போனால் என் செய்வது? கொல்ல மனம் வராது, புண்ணியம் என்று எண்ணி, ஆற்றிலோ குளத்திலோ விடுவோர் உளர். இரக்கத்திலே பிறந்த இச்செயல் களப்பு மீனுக்குக் கேடாகிறது.

திலாப்பியா இலங்கைக்கு 1952 இல் கொண்டுவரப்பட்டது. அது குளங்களிற் பெருகி ஏழையின் உணவாயிற்று என்பது உண்மை. பெருகியபின் அதனைத் திரும்ப அழைக்க எவராலும் இயலவில்லை என்பதும் உண்மை. கைதி மீன் ஆஸ்திரேலிய நீர்நிலைகளிலே குடியேறிவிட்டது. மாயன் சிக்லிட் என்னும் மற்றொரு நடு அமெரிக்க மீன் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் பகுதியில் 1983 இல் முதன்முதலாகக் காணப்பட்டுப் பின்னர் பரவியது. தாய்லாந்தின் சாவோ பிராயா ஆற்று முகத்திலும் அது உண்டு. நன்னீர், உவர்நீர் என்ற வேறுபாடு அதற்குப் பொருட்டன்று. கங்கைவாடியின் கண்டல் நீர் அத்தகைய மீனுக்கு வெகுவாகப் பொருந்தும். அங்கே செத்தல் முட்டையிடும் இடங்களுக்கு அது போட்டியாக வரும். முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னவும் கூடும். செத்தலை வலையில் எதிர்பார்த்திருக்கும் மீனவர் வீட்டுக்கே அந்நட்டம் போய்ச் சேரும்.

ஆகவே மிகுந்த மீன்களைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். வேறொரு வளர்ப்பாளரிடம் ஒப்படைக்கலாம். அதற்கும் வழியில்லையேல், சிறு பாத்திரத்து நீரிலே கராம்பு எண்ணெயை நன்றாகக் கலக்கி அதில் மீனை விட்டால், அது மயங்கி நோவின்றி இறக்கும். ஆணையும் பெண்ணையும் முதலிலேயே பிரித்து வைப்பது அதனினும் நன்று.

களப்பின் சொந்த மீன்களையே வளர்க்க விரும்புவோருக்கும் இடமுண்டு. வார்ட், வைமன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இவ்விரு இனங்களையும் ஆராய்ந்து 1972 இல் வியப்பான செய்தியொன்றை வெளியிட்டனர். மஞ்சட் சிறுமீன், பெரிய செத்தலின் உடலைக் கொத்தித் துப்புரவாக்குகிறதாம். செத்தலும் அதற்கு இசைந்து நிற்கிறது. சிறிது உப்பிட்ட வன்னீரில் இவ்விரண்டையும் ஒரே தொட்டியில் வைத்தால் அக்காட்சியை இல்லத்திலேயே காண இயலும். செத்தல் முட்டையிட்டபின் மாத்திரம் சிறுமீனை வேறு தொட்டிக்கு மாற்றுதல் வேண்டும். துப்புரவு செய்யும் அதே வாய் முட்டைகளையும் விட்டுவைப்பதில்லை.