குசினியிலும் செபம்

17ஆம் நூற்றாண்டிலே, பாரிஸ் நகரத்துக் கார்மேல் சபை மடமொன்றின் குசினியில் லோரன்ஸ் என்னும் சகோதரர் பணிபுரிந்தார். முன்னர் போர்வீரராயிருந்து காயமுற்றவர். சமையல் வேலையை இயல்பாகவே வெறுத்தவர். ஆயினும், நேயர்களே, அடுப்பண்டை நின்றபோதும் ஆலயத்தில் முழந்தாளிட்டபோதும் இறைவனோடு ஒரேவிதமாக உரையாடப் பழகினார்.

இப்பழக்கம் எளிதில் வாய்த்ததன்று. ஏறக்குறையப் பத்தாண்டுகள் பாவ நினைவு அவரை வாட்டிற்று. தாம் கைவிடப்பட்டவரோ என்றுகூடக் கலங்கினார். மனம் சிதறியபோதெல்லாம் தம்மை நொந்துகொண்டிராது, மீண்டும் இறைவன்பால் திரும்பினார், அவ்வளவே. பக்தியை ஞாயிறு காலைக்கென ஒதுக்கிவைப்போர் இதனைச் சற்றே எண்ணிப்பார்ப்பது நன்று.

1691 இல் அவர் இறந்தபின்னரே அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் நூலாயின. பிற்காலத்தில் குசினியை விட்டு, மடத்தாரின் செருப்புகளைத் தைத்துவந்தார். அங்கும் அதே உரையாடல்தான்.